எடைக்கல்லின் இரத்தம்

அந்தக் கோடையில் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சிறுநீரகம் கெடவில்லை.

வெயில் நாற்பத்தாறைத் தொட்டது. காலை பத்து மணிக்கே உப்புப் பாத்திகளைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. அப்படியொரு கோடை முடியும்போது உப்பளத் தொழிலாளர்கள் வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வருவது வழக்கம். வியர்வையில் வற்றி, முகம் ஊதி, கால் வீங்கி வருவார்கள். அந்த வருடம் பரிசோதனை அறிக்கைகள் நன்றாக இருந்தன. போன வருடத்தைவிட நன்றாக, அதற்கு முந்தைய வருடத்தைவிட மிக நன்றாக. பாத்தி ஓரங்களில் அரசு கட்டிய தண்ணீர்க் கொட்டகைகள்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் அளவு நிலையத்தின் இயக்குநர் பொன்னுதுரைக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன்.

மறுநாள் காலை நிலையத்தின் வாசலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் பேச்சியம்மாள். அவள் கணவர் எட்டு நாளைக்கு முன் பாத்தியில் விழுந்து இறந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். அறிக்கையில் உள்ள எண்ணுக்கு அளவு கொடுப்பது நிலையம்தான், அங்கே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்களாம். நாலாக மடித்த தாளை என்னிடம் நீட்டினாள்.

"இதுல நல்லா இருக்காவன்னு போட்டிருக்குல்லா. காலு ரெண்டும் தூண் கணக்கா வீங்கிக் கெடந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு தாளப் பாத்தாரு, அவியளப் பாக்கல. வேலைக்கு வராம நடிக்கியான்னு மேஸ்திரி ஏசுனான். அந்த ரோசத்துல எந்திச்சுப் போனாவ. இப்ப நீங்க சொல்லுங்க. பொய் சொன்னது அவியளா, இந்தத் தாளா?"

கிரியாட்டினின் 1.2 என்று இருந்தது. தசைகள் தேய்வதால் இரத்தத்தில் சேரும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும்; சிறுநீரகம் கெட்டால் எண் கூடும். 1.3 வரை இயல்பு. அவர் இயல்பாகத்தான் இறந்திருந்தார். தாளின் அடியில், அளவுக்குப் பொறுப்பு என்ற இடத்தில், இசக்கியம்மாள் என்று என் பெயர் அச்சாகியிருந்தது.

எந்திரம் சொன்னதைத்தான் எழுதுவோம் என்று சொன்னேன். அவள் பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது தாளை எடுத்துக்கொள்ளவில்லை.

எந்திரத்துக்குத் தானாக எதுவும் தெரியாது. அதற்கு ஒப்பிட மட்டுமே தெரியும். தராசுக்கு எடைக்கல் வேண்டியதைப் போல, அதற்கு எண் தெரிந்த ஓர் இரத்தம் வேண்டும். ஒன்பது வருடம் முன்புவரை அது கப்பலில் உறைந்த குப்பிகளாக வந்துகொண்டிருந்தது. கப்பல்கள் நின்றன. சேமித்து வைத்திருந்ததிலும் பெரும்பகுதி பதினோரு நாள் மின்வெட்டில் கெட்டுப்போனது. சுத்தமான பொடியைத் தண்ணீரில் கரைத்து அளவாக வைக்கலாமே என்று அப்போது பலரும் கேட்டார்கள். எந்திரம் தண்ணீரை ஒரு மாதிரியும் இரத்தத்தை வேறு மாதிரியும் படித்தது. இரத்தத்துக்கு இரத்தம்தான் அளவாக முடியும்.

எனவே ஓர் ஆளைத் தேடினார்கள். ஆரோக்கியமான ஆளை அல்ல, மாறாத ஆளை. யாருடைய இரத்தமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண். படுத்திருந்தால் ஒன்று, நின்றால் ஒன்று. மீன் சாப்பிட்டால் ஏறும், ஓடினால் ஏறும். இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குமேல் இறுக்கினாலும் சில எண்கள் மாறும். எடுத்த குழாய் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் உள்ளேயே வேறு இரத்தமாகிவிடும். எஞ்சியிருந்த கடைசிக் குப்பிகளை வைத்துப் பன்னிரண்டாயிரம் பேரை எட்டு வாரம் சோதித்தார்கள். எல்லாரிலும் குறைவாக மாறியவள் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம். அவளுடைய கிரியாட்டினின் 0.80. அரசிதழில் அந்த எண் வந்தது. அன்றிலிருந்து திங்கட்கிழமை காலையில் அவள் இரத்தத்தில் எது இருக்கிறதோ அதுதான் 0.80. அதை வைத்து நாங்கள் இரத்தம் நிரப்பிய பெரிய குப்பிகளுக்கு எண் கொடுப்போம். குப்பிகள் தென்மாவட்டங்களின் எல்லா ஆய்வகங்களுக்கும் போகும்.

எல்லாரும் அவளை எடைக்கல் அக்கா என்றார்கள்.

ஆறு வருடமாக அவள் நிலையத்தின் மேல்மாடியில் இருந்தாள். அறையின் வெப்பம் எப்போதும் இருபத்தாறு. நிறுத்துப் போட்ட நூற்றெண்பது கிராம் சோறு, பருப்பு, பூசணிக்காய். நாளுக்கு நானூறு எட்டு நடை, அதற்குமேல் கூடாது. மீன் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும். ஜன்னலைத் திறக்க முடியாது. சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். காய்ச்சல் வந்தால் எண் மாறும், எண் மாறினால் ஏழு மாவட்டங்கள் தப்பாகிவிடும் என்று நாங்கள் பயந்தோம். அவளுக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்பதில் எங்களைப்போல் அக்கறைப்பட்டவர்கள் யாரும் இல்லை.

அடுத்த திங்கள் நான் இரத்தம் எடுக்கும் நேரத்தில் மேலே போனேன். அக்கா விதிப்படி இருபது நிமிடம் படுத்திருந்தாள். நர்ஸ் ரூபவதி கடிகாரத்தைப் பார்த்துப் பட்டையைக் கட்டி, கையை மூடித் திறக்க வேண்டாம் என்று சொன்னாள்.

"ஆறு வருசமா இதத்தான் சொல்லுதா," என்றாள் அக்கா. "கைய மூடி நான் என்ன நண்டா புடிக்கப் போறேன்?" குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே ஏலக்குரலை எடுத்தாள். "அக்கா ரத்தம், அசல் ரத்தம், நேத்து வரைக்கும் பருப்பு தின்ன ரத்தம். ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ரூபவதி சிரிப்பை அடக்கினாள். நான் அக்காவின் காலைப் பார்த்தேன். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். போன கிறிஸ்மசுக்கு முந்தைய கிறிஸ்மசிலிருந்து என்றாள்.

"டாக்டர்கிட்ட சொல்லலையா எக்கா?"

"சொல்லாமயா? டெஸ்டு எடுத்தாரு. பாயிண்ட் எட்டு, நல்லாருக்கேன்னாரு. எங் கல்ல எங் கல்லோடயே வச்சு நிறுத்தா வேற என்ன வரும்னு கேட்டேன். சிரிச்சாரு. தனிமைதான் காரணம், பாட்டு கேளுங்கன்னு ஒரு பெட்டியத் தந்துட்டுப் போயிட்டாரு."

மாடிப்படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏலம் விட்டவளுக்குத் தோன்றியது, இந்த வேலைக்காகவே படித்த எனக்குத் தோன்றவில்லை. பூமியில் அவள் ஒருத்தியை மட்டும் அளக்க முடியாது. அவள் நோயாளியானால் அந்த நோய்தான் அளவு. அவள் எண் ஏறினால் அது ஏறியதாகத் தெரியாது. மற்ற எல்லாருடைய எண்ணும் இறங்கும். எண் கூடினால்தான் டாக்டர்கள் பயப்படுவார்கள். குறைந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எந்திரம் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இரத்தத்தில் கலக்க உள்ளூரில் செய்த நிற மருந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீரியத்தில் வரும், எந்திரத்தின் உள்விளக்கும் மங்கும். அதனால் திங்கட்கிழமைகளில் சிவப்பு விளக்கு எரிவது எங்களுக்குப் பழகியிருந்தது. அளவு விலகியிருக்கிறது, திருத்தவா என்று கேட்கும். திருத்து என்ற பொத்தானை அழுத்துவோம். இரண்டு வருடத்தில் நூறு தடவையாவது நான் அழுத்தியிருப்பேன்.

மறுநாள் பழைய அலமாரியிலிருந்து கிரியாட்டினின் பொடியைத் தேடி எடுத்தேன். தராசைத் துடைத்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் ஏறத்தாழ அதே விடை. அதை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரிடம் போகாமல் அக்காவிடம்தான் போனேன்.

அவள் பருப்புச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"கொழம்புல எவ்வளவு உப்பு கெடக்குன்னு தெரியல, நக்கிப் பாக்க மட்டுந்தான் முடியும்னு வைங்க. என்ன செய்வீய?"

"இன்னொரு கரண்டி போட்டுப் பாப்பேன்."

"போட்டதும் ரெண்டு மடங்கு கரிச்சா?"

"முன்ன கெடந்ததும் ஒரு கரண்டி." அவள் கை நின்றது. "கொஞ்சூண்டுதான் கூடுச்சுன்னா, முன்னாடியே நெறயக் கெடக்கு."

"ஒங்க ரத்தத்துல பாயிண்ட் எட்டு அளவு பொடி நிறுத்துப் போட்டேன் எக்கா. ரெண்டு மடங்காவணும். மூணுல ஒரு பங்குதான் கூடுச்சு."

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"ரெண்டு பாயிண்ட் நாலு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். தன்னைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன எண் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்டாள். உண்மையான எண்ணில் மூன்றில் ஒரு பங்கு என்றேன். பேச்சியம்மாளின் கணவருக்கு 1.2 அல்ல, 3.6 என்றேன்.

"எம்பேரச் சொல்லித்தான அத்தன பேரையும் பாத்திக்கு அனுப்பிருக்கிய," என்றாள். பிறகு, ஏலக்கூடத்தில் விலை படியாதபோது பேசியிருக்கக்கூடிய குரலில், "எனக்கு ஒரு தாள் வேணும் பிள்ள. எம்பேர் போட்ட தாள். நான் சீக்காளின்னு எழுதுன தாள்," என்றாள்.

அவள் கேட்டது சிறிய விஷயம் இல்லை. 1.3ஐத் தாண்டிய எண் இல்லாமல் சிறுநீரகப் பிரிவின் கதவு யாருக்கும் திறக்காது. படுக்கைகள் குறைவு, டாக்டர்களின் தயவுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று சட்டமே அப்படி. இப்போது மருந்து தொடங்கினால் பல வருடம் இருப்பாள். விட்டால் இரண்டு வருடம்.

பொன்னுதுரை கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பொடி எந்த வருஷம்?"

"கப்பல் நிக்கிறதுக்கு முந்தினது சார்."

"காலாவதி ஆயிருக்குமே. தராசுக்கு சான்று இருக்கா?"

இல்லை. தராசுக்குச் சான்று தருவதற்கும் வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

"அப்போ சான்று இல்லாத தராசுல, காலாவதியான பொடிய நிறுத்து, அரசிதழ்ல வந்த ஒரு எண்ணைத் தப்புங்கறீங்க. நான் உங்களை நம்பறேன் இசக்கி. ஆனா நான் நம்பறதுக்கு என்ன மதிப்பு? இந்த ரெண்டு வருஷத்துல லட்சம் பேருக்கு மேல அறிக்கை போயிருக்கு. அவங்க யாரை நம்புவாங்க?"

தலைநகரத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது. சான்று பெற்ற எந்திரத்தில் அளந்த அறிக்கையை இணைக்கவும். சான்று பெற்ற எல்லா எந்திரங்களும் அக்காவைத்தான் அளவாக வைத்திருந்தன. ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசினேன். அவர் அக்காவின் அறிக்கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன், 0.80ஐப் பார்த்துவிட்டு என் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னுதுரை என்னைக் கூப்பிட்டார். ஒரு வழி இருக்கிறது என்றார். மூலநபர், அதாவது அளவுக்கு இரத்தம் தருபவர், விரும்பினால் ஓய்வு பெறலாம், அவருக்குப் பதில் ஓர் ஆள் கிடைத்தால். நிலையத்தில் வேலை பார்ப்பவர்களை வருடா வருடம் சோதித்த கோப்பு அவரிடம் இருந்தது. அதில் குறைவாக மாறுவது என்னுடைய எண்கள். முப்பத்து நான்கு வயது, குடும்பம் இல்லை, நோய் இல்லை. கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் கடற்கரையில் நடந்தேன். நானூறு எட்டுக்கு எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். படகுத்துறையில் முதல் கட்டுமரத்திலிருந்து கடைசிக் கட்டுமரம்வரைகூட வரவில்லை. பிறகு சம்மதித்தேன். ஒரே நிபந்தனை போட்டேன். நான் மூலநபராகும் அன்றே, என் இரத்தத்தை அளவாக வைத்து அக்காவை அளந்து, அவள் பெயரில் அறிக்கை தர வேண்டும். பொன்னுதுரை உடனே கையெழுத்துப் போட்டார். அவர் யோசிக்கவேயில்லை. அது என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைக் கண்டபடி ஏசினாள். கூறு கெட்டவளே என்றாள். பருப்புச்சோறு தின்று தின்று நாக்கு செத்துப்போகும் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வேற ஆளத் தேடச் சொல்லுதேன் என்றாள். போகிற நாளில் பாட்டுப்பெட்டியை எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

அறிக்கை மாலை மூன்று மணிக்கு வந்தது. ரூபவதி கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

அமலோற்பவம். கிரியாட்டினின் 0.80. இயல்பு.

கீழே இன்னொரு வரி. புதிய மூலநபர், இசக்கியம்மாள். 0.25.

பொன்னுதுரை கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். ஒலிபெருக்கியில் அவர் குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"புதுசு வந்தா பழசோட ஒட்டித்தானே எண் குடுப்போம்? குப்பி மாத்துறப்ப யாரோட எண்ணும் குதிக்கக்கூடாதுன்னு விதி எழுதுனதே நீங்கதான். பழைய அளவ வச்சு உங்களை அளந்தோம். பாயிண்ட் ரெண்டு அஞ்சு வந்துச்சு. அதான் அரசிதழ்ல வரும். நான் எதையும் மாத்தல இசக்கி."

உண்மை. அவர் எதையும் மாற்றவில்லை. புதுக் குப்பி ஒவ்வொன்றும் வந்தபோது நான் அதைத்தான் செய்தேன். பழைய குப்பியின் எண்ணிலிருந்து புதியதற்கு எண் எடுத்தேன், அதிலிருந்து அடுத்ததற்கு. வரைபடத்தில் கோடு உடையாமல் போனால் வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள். என் இரத்தத்தில் இருந்த முக்கால், சட்டப்படி கால் ஆகியிருந்தது. அக்காவின் நோய் என்னைக் கடந்து அப்படியே போயிருந்தது, ஒரு துளிகூடச் சிந்தாமல்.

அக்கா அன்றைக்கே ஊருக்குப் போனாள். முழு ஆரோக்கியத்துடன் ஓய்வு பெற்றதாகச் சான்றிதழ் கொடுத்து, மாலை போட்டு அனுப்பினார்களாம்.

முதல் மாதம் நான் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் நடைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ரூபவதி ஏட்டில் நானூறு என்று எழுதிக்கொண்டாள். அவள் தம்பியும் உப்பளத்தில்தான் வேலை செய்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் இரத்தம் எடுக்கும்போது அவள் குனிந்து, எந்திரம் இரண்டு வருடத்தில் முதல்முறையாக எதிர்ப்பக்கமாக விலகியிருக்கிறது என்று காதோடு சொன்னாள். மிகக் கொஞ்சம். புதுப் பையன் திருத்து பொத்தானை அழுத்திவிட்டான்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் என் இரத்தத்தில் அது குறையும். குறைந்தாலும் சட்டப்படி அது 0.25தான். அப்படியானால் மற்ற எல்லாருடைய எண்ணும் ஏறும். என்னால் அவர்களுடைய வரைபடக் கோட்டை உடைக்க முடியாது. ஆனால் அதைச் சரிக்க முடியும்.

அன்றிலிருந்து தட்டைக் காலி செய்தேன், கழிவறையில். சோற்றில் நாலு வாய் மட்டும் வைத்துக்கொண்டேன். நாள் முழுவதும் படுத்திருந்தேன். எடை பார்க்கும் நாளில் ரூபவதி என்னை மேடைமேல் ஏறச் சொல்லிவிட்டு, முள்ளைப் பார்க்காமல் போன வார எடையையே எழுதினாள். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. தொடைகள் முதலில் போயின, பிறகு தோள்கள். கையை உயர்த்தித் தலை வாரும்போது மூச்சு வாங்கியது. பாட்டுப்பெட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைக்க முடியவில்லை. சில நாள்களில் நான் மெல்லிய கண்ணாடியாகிக்கொண்டிருப்பதுபோலவும், என் வழியாக எல்லாரும் சரியாகத் தெரியத் தொடங்குவதுபோலவும் தோன்றும். பசி அப்படியெல்லாம் நினைக்க வைக்கும்.

ஏழாவது மாதம், மாவட்டத்தில் நாற்பத்தொரு பேர் எல்லையைத் தாண்டினார்கள், பெரும்பாலும் உப்பளத் தொழிலாளர்கள். தண்ணீர்க் கொட்டகைகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். நாற்பத்தொரு பேருக்கும் சிறுநீரகப் பிரிவின் கதவு திறந்தது. ரூபவதி தம்பியின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. பட்டியலைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

நான் அ வரிசையில் அக்காவின் பெயரைத் தேடினேன். இல்லை. ரூபவதி தனியாக ஒரு தாளை வைத்திருந்தாள். ஊரிலிருந்து அக்கா நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்து சோதித்துக்கொண்டு போன தாள்.

1.28.

எல்லை 1.3. இன்னும் நூறில் இரண்டு. ஒரு கிலோ போதுமா, இரண்டு வேண்டுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அக்காவுக்கு அதுவரை நாள் இருக்கிறதா என்று ரூபவதியைக் கேட்டேன். அவள் மதியச் சோற்றை எடை போட்டு, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.